நாற்பத்தொரு விநாடி

பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். குழந்தைகளின் பார்வையை அளப்பது என் வேலை. அங்கே பேய்க்கு ஏது இடம் என்று இருந்தேன்.

ஆராய்ச்சிக்கூடம் ஒரு பழைய வீட்டில் இருந்தது. நடு அறையில் கூரையிலிருந்து தரைவரை கறுப்புத் திரை, அதில் ஒரு சின்ன ஜன்னல். முன்னால் நாற்காலியில் குழந்தை. ஜன்னலில் எதையாவது காட்டுவோம். குழந்தை பார்க்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், கண்ணைத் திருப்பியதும் விட வேண்டும். பழகினது என்றால் இரண்டு விநாடியில் சலித்துவிடும். புதிது என்றால் வைத்த கண் வாங்காது. பேச்சு வராத பிள்ளை தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று இப்படித்தான் சொல்லும்.

என் மகளுக்கு ஐந்து மாதம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து என்னோடுதான் வேலைக்கு வந்தாள். பின்னறையில் தொட்டில். கூடத்தை நடத்தும் மேடம் தினமும், "சின்ன ஆபீசர் வந்தாச்சா?" என்று கேட்பார்.

ஆபீசர் அழவே மாட்டாள். லேசாகச் சிணுங்குவாள். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் தட்... தட்... என்று தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்கும், அடங்கிவிடுவாள். மேடத்துக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்குப் போனதும் தூங்கிவிடுவாள். முழித்திருக்கும் நேரமெல்லாம் அந்தப் பின்னறையில்தான். நான்தான் அம்மா என்று இவளுக்குத் தெரியுமா? அந்தப் பயம் என்னை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. வெளியே சொல்ல வெட்கம்.

ஒரு நாள் காலை, குழந்தை தாயின் முகத்தை அறிகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. ஆபீசரையே உட்கார வைக்கலாமே என்றார் மேடம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் சந்தேகம் இன்றோடு தீர்ந்துவிடும்.

ஜன்னலில் முகம் காட்டினேன். சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது என்பது விதி.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னப் புருவம் சுருங்கியது.

மேடம் எண்ணைப் படித்தார். நாற்பத்தொரு விநாடி.

முன்பின் தெரியாதவர்களைத்தான் பிள்ளைகள் அப்படிப் பார்ப்பார்கள்.

அடுத்தது வெறும் ஜன்னல். ஒப்பிட்டுப் பார்க்க, யாரும் நிற்காமல் திறந்து வைப்பது வழக்கம். நான் விலகி மேடத்தின் அருகே வந்து நின்றேன். அவர் முன்னால் இருந்த சின்ன டி.வி. திரையில் குழந்தையின் முகம் தெரிந்தது.

வெறும் ஜன்னலைப் பார்த்துப் பொக்கை வாய் திறந்து சிரித்தாள்.

தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பிறகு, நிம்மதியாக விரலைச் சப்பிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

இரண்டு விநாடி.

மேடத்திடம் கேட்டேன்.

"மேடம், தினமும் நீங்கதானே இவளைத் தட்டிக்குடுக்கறீங்க?"

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"நான் அந்த ரூமுக்குள்ள போனதே இல்லையே. நீதான்னு நினைச்சேன்."

ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தேன். வீறிட்டாள். அவள் அப்படி அழுது நான் கேட்டதே இல்லை. என் தோளுக்கு மேலே எட்டி எட்டி அந்த ஜன்னலைப் பார்த்து அழுதாள். அன்றே வேலையை விட்டுவிட்டேன்.

மூன்று நாள் வீட்டில் ஓயாத அழுகை. தோளில் போட்டு நடந்து நடந்து எனக்குக் கால் வீங்கிப்போனது. நான் கிட்டே போனாலே உடம்பை விறைத்துக்கொண்டாள். பெற்றவள் நான், என்னைப் பார்த்து மிரள்கிறாளே என்று நானும் சேர்ந்து அழுதேன்.

நான்காம் நாள் மதியம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். வாசல் கதவு பூட்டியிருந்தது. சமையலறையில் பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அழுகை சட்டென்று நின்றது.

தட்... தட்... தட்...

ஈரக் கையோடு போய் அறைக் கதவைத் தள்ளினேன். தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

பழக்கதோஷம், மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்றைத் தாண்டியும் அவள் கண்ணை எடுக்கவில்லை.