காலியான கோதெண்ணெய்ப் பீப்பா

1943. சனிக்கிழமை, காலை 7.10. காத்தான்குடி வாவிக் கரை.

மஜீட் முதலாளி கொட்டிலைத் திறந்தபோது பீப்பா காலியாகக் கிடந்தது. பருப்பை எடுத்தபின் ஊரார் குப்பையில் வீசும் மரமுந்திரிகைக் கோதுகளை மூன்று மாதமாகச் சேர்த்து, வறுத்து, சொட்டுச் சொட்டாக வடித்த கரிய எண்ணெய் அது. மரத்துக்குப் பூச்சு செய்கிற கொழும்புக்காரர் திங்கட்கிழமை பார்க்க வருவதாக இருந்தது.

8.30. பொலிஸ் சார்ஜன் வல்லிபுரம் வந்து இறங்கினார். அதற்குள் முதலாளியே விசாரித்து, தீர்ப்பும் சொல்லி, வேலையாள் நல்லரத்தினத்தைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார்.

"இவன்ட கையப் பாருங்க சார்ஜன் ஐயா. எல்லாம் கொப்புளம். அந்த எண்ணெய் பட்டாத்தான் இப்பிடிப் பொத்தும். நேத்து ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டின கொட்டில். இவன் மட்டுந்தான் இஞ்சயே கிடக்கிறவன்."

"நான் எடுக்கல்ல ஐயா. பத்து நாளாக் கோது வறுக்கிறன், கை அப்பவே பொத்திட்டு. நேத்துப் பகல் விறகுக்குப் போயிட்டன். கரடியனாத்தில மனிசிக்கு இது பேறு மாசம். நான் மறியல் கம்பிக்குள்ள கிடந்தா அவள ஆர் பாக்கிற?"

வல்லிபுரம் பேச்சில் கஞ்சன். பீப்பாவுக்கு முன் குந்தினார். யாரோ பீப்பாவின் குழாயைப் பிடுங்கியதில் எண்ணெய் தரையெல்லாம் சிதறியிருந்தது. பீப்பாவின் விளிம்பில் கைத்தடங்கள், அவற்றில் சாம்பல். மோந்து பார்த்தார். தேங்காயெண்ணெய் வாசம்.

கோது பொறுக்கும் ஸாலிஹாவைக் கூப்பிட்டார். "இதென்ன சாம்பல்?"

"தேங்காயெண்ணெயும் சாம்பலும் பூசினா கை பொத்தாது ஐயா. பழகின ஆக்கள் பூசாமத் தொடமாட்டம். இவன் புதுசு, சொன்னாலும் கேக்கிறானில்ல."

9.15. வீட்டிலிருந்து தேத்தண்ணியும் வெற்றிலை வட்டாவும் வந்தன. கொட்டிலின் மேற்பார்வையும் ஒரு சாவியும் அங்கே நின்ற முதலாளியின் மச்சான் இப்றாஹிமிடம். இரண்டு தோணிக்குச் சொந்தக்காரர். கையில் ஒரு கொப்புளம் இல்லை. பல்லெல்லாம் வெற்றிலைக் காவி. சால்வையால் வாயைப் பொத்தியபடி வட்டாவைத் தள்ளி வைத்தார். அவருடைய தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"வெத்தில போடல்லையா?" என்று வல்லிபுரம் கேட்டார்.

"வயிறு சரியில்ல."

"வாயத் திறங்க, பாப்பம்."

இப்றாஹிம் சால்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வல்லிபுரமே சால்வையை விலக்கினார். கீழுதடும் நாக்கும் கொப்புளித்து வெந்திருந்தன.

"எல்லாரும் பொத்தின கையத் தேடினீங்க," என்றார் வல்லிபுரம். "எடுத்தவன் சாம்பல் பூசித்தான் எடுத்திருக்கான். அப்ப கை பொத்தினவன் கள்ளனில்ல. கைக்கு ஒண்டும் ஆகல்ல எண்ட தைரியத்தில, கழுவாமலே வெத்திலைக்குச் சுண்ணாம்பைத் தொட்டு, அந்த விரல வாயில வச்சிட்டீங்க. வாய்க்குள்ள ஆரும் சாம்பல் பூசுறதில்லையே."

இப்றாஹிம் தலையைக் குனிந்தார். "தோணி ரெண்டும் புழு அரிச்சுப் போகுது. இதப் பூசினாப் புழு அண்டாது. ஒரு போத்தல் கேட்டன். மச்சான் தரல்ல." கரையில் கிடந்த அவருடைய தோணிக்கடியில் மணலைக் கிளற, நாலு தகரம் எண்ணெய் இருந்தது.

முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "ஐயா, இது குடும்பத்து விசயம். வழக்கு வேணாம்."

"விடியக் களவாக் கிடந்தது, மச்சானெண்டதும் குடும்பத்து விசயமாப் போச்சா?" வல்லிபுரத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "வழக்க நான் எழுதுறன். நீங்க போய் அவன அவிழ்த்துவிடுங்க. உங்கட கையால."

முதலாளி தென்னையடியில் முழந்தாளிட்டார். காலையில் அவரே இறுக்கிய முடிச்சு. அவிழ்க்க நெடுநேரம் பிடித்தது. நல்லரத்தினம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நாள் கூலியையும் கேட்காமல், வாவிக்கு அப்பால் கரடியனாறு போக, தோணித்துறையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனான்.