வரேன்னு சொன்னா வரணும்

பள்ளி ஹாலில் கண்காட்சி தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. வாயாடி நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

வாயாடி என்பது வகுப்பு வைத்த பெயர். வைத்ததில் தப்பே இல்லை. தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று அவள் அக்காவே சாட்சி சொல்லுவாள். அவளும் ஸ்கேலும் சேர்ந்து அட்டைக் குழாய்களால் ஒரு பாதை கட்டியிருந்தார்கள். அலமாரி உச்சியில் கோலிக்குண்டை விட்டால், அது இருபத்தோரு வளைவு உருண்டு வந்து, கீழே இருக்கும் மணியை அடிக்க வேண்டும்.

ஸ்கேல் இந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தவள். எப்போதும் கையில் ஸ்கேல் வைத்திருந்ததால் அந்தப் பெயர். அவளுக்கும் அது பிடித்திருந்தது. "எனக்கு ஆட்டிசம்" என்று முதல் நாளே, செருப்பு அளவைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். எந்தக் குழாய் எவ்வளவு சரிய வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தது.

அந்த ஸ்கேல்தான் இன்று காலையிலிருந்து வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வாயாடி கெஞ்சினாள், கொஞ்சினாள், மிட்டாய்கூட நீட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை.

"நான் என்ன தப்பு பண்ணினேன்? சொல்லேன்."

"நேத்து சாயங்காலம் 'வரேன்'னு சொன்னே. வரலை. நாப்பது நிமிஷம் இங்கேயே நின்னேன். வாட்ச்மேன் விளக்கை அணைச்சிட்டார்."

வாயாடிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லோரும் சொல்கிற 'வரேன்' அது. அப்புறம், காலியான ஹாலில் தனியாக நின்றவளை நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அதுக்குக் கிளம்பறேன்னு அர்த்தம்."

"அப்போ 'போறேன்'னு சொல்ல வேண்டியதுதானே?"

"அப்படிச் சொல்லக் கூடாதாம்."

"ஏன்?"

தெரியாது என்று வாயாடி ஒப்புக்கொண்டாள். உன்னை நிற்க வைத்தது தப்புதான், இனிமேல் உன்னிடம் செய்யப்போவதை மட்டும் சொல்கிறேன் என்றாள். ஆனால் அவள் மனதிலும் ஒரு குறை இருந்தது. நான் பேசினால் என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாயே, என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டுவிட்டாள்.

"முகத்தைப் பார்த்தா உன் மூக்கு ஆடுறதுதான் தெரியுது. தரையைப் பார்த்தாதான் நீ சொல்றது கேக்கும். நீ சொன்னது எல்லாமே எனக்கு ஞாபகம் இருக்கு."

வாயாடி மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தான் பேசியதை ஒன்று விடாமல் கேட்ட ஒரே ஆள் இவள்தான் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு பேரும் வேலையில் பாய்ந்தார்கள். குண்டை விட்டுப் பார்த்தார்கள். அது ஜோராக ஓடிவந்து பதினான்காவது வளைவில் அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியை பெற்றோர் கூட்டத்தோடு உள்ளே நுழைய வேண்டுமா? தயாரா என்று கேட்டார்.

'ஒரு நிமிஷம் மிஸ்' என்பது வாயாடியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு ஸ்கேலிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். நாலு நிமிடம் என்றாள் ஸ்கேல்.

"நாலு நிமிஷம் ஆகும், மிஸ்."

இவ்வளவு கச்சிதமான பதிலைக் கேட்டுப் பழக்கமில்லாத தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். ஸ்கேல் அளவு சொல்லச் சொல்ல, வாயாடி அட்டையை வெட்டி ஒட்டினாள். நாலாவது நிமிடம் குண்டு கிளம்பியது. பதினான்கைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது, 'டிங்' என்று மணியை அடித்தது.

ஹாலே அதிரக் கைதட்டினார்கள். ஸ்கேல் முகமெல்லாம் சிரிப்போடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சத்தம் தாங்கலை. வெளியே போறேன். பத்து நிமிஷத்துல வரேன்."

அவள் போனதும் எல்லோரும் இன்னொரு தடவை என்று கேட்டார்கள். நான் விடுகிறேன், நீ விடு என்று பையன்கள் முண்டியடித்தார்கள். இத்தனை பேர் கெஞ்சும்போது வாயாடிக்கும் கை துறுதுறுத்தது. ஆனாலும் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள்.

"அவ வரேன்னு சொல்லியிருக்கா. வந்ததும்தான்."

சிலர் சலித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்கள். வாயாடி அசையவில்லை.

பத்தாவது நிமிடம் கதவு திறந்தது. ஸ்கேல் தரையைப் பார்த்தபடியே நேராக அவளிடம் வந்து கையை நீட்டினாள். வாயாடி குண்டை அதில் வைத்தாள்.