துரையின் வயிற்றில் மணிக்கூடு

துரையின் வயிற்றுக்குள் "டொக்... டொக்..." என்று சத்தம் கேட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

துரை என்பது கண்டியிலிருந்து வத்தேகமவுக்குப் போகும் வழியில், சந்தியில் நிற்கும் வெண்கலச் சிலை. வெள்ளைக்காரர் காலத்தில் வீதி போட்டபோது வைத்தது. துரை ஆளைவிடப் பெரியவர். அவர் காலடியில் மண்வெட்டியோடு நாலு பேர். துரையின் முழங்காலுக்குக்கூட எட்டமாட்டார்கள்.

"வாப்பா, வேலை செஞ்சவங்க மட்டும் ஏன் இவ்வளவு சின்னதா ஈக்கிறாங்க?" என்று சிறுமி உம்மு குல்சும் முன்பு கேட்டிருக்கிறாள்.

"சிலை செய்யச் சொன்னது துரை தானே மகள்," என்றார் அவள் தகப்பன் ஜவாஹிர்.

அது யுத்த காலம். காவலுக்கு நின்ற சிப்பாய் சத்தத்தைக் கேட்டதும், மணிக்கூடு வைத்த குண்டு என்று நினைத்து ஓடினார். சந்தியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பக்கத்திலிருந்த ஜவாஹிரின் தேத்தண்ணிக் கடையையும் மூடச் சொன்னார்கள்.

"கண்டியிலிருந்து ஆட்கள் வந்து சிலையை வெடிக்க வைப்பார்கள்," என்று சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னார்.

"அப்ப என்ட கடை?"

சார்ஜன்ட் கடையின் கூரையைப் பார்த்தார்.

"அப்பத்துக்குக் கரைச்ச மா உள்ள பொங்குது," என்றார் கடையில் வேலை செய்யும் றவூப். "மொதல்ல அதுதான் வெடிக்கும்."

உம்மு குல்சும் யோசித்தாள்.

"வாப்பா, மழை பெஞ்சா மணிக்கூடு வேகமா ஓடுமா?"

"ஓடாது. ஏன்?"

"நேத்து மழை நேரம் துரை டொக்டொக்குன்னு ஓடினார். காலையில வெயிலுக்கு மெதுவா நடந்தார்."

துரையின் தொப்பியில் ஒரு வெடிப்பு இருப்பது அவளுக்குத் தெரியும். சிலைக்குள்ளே வெறும் கூடு. மழைத் தண்ணீர் வெடிப்பு வழியாக உள்ளே சொட்டும். ஆனால் தண்ணீர் எப்போதும் உள்ளே போனதுதானே? இப்போது மட்டும் ஏன் சத்தம்?

"வாப்பா, துரையின் கால் சப்பாத்துல ஒரு ஓட்டை ஈந்திச்சே?"

ஜவாஹிர் தலையைச் சொறிந்தார். "அந்தத் தண்ணி கடைக்குள்ள வந்து சீனி மூடையை நனைச்சிச்சு மகள். போன மாசம் சிமெந்து வச்சு அடைச்சேன்."

உம்மு குல்சும் சார்ஜன்டிடம் போனாள். "முன்பு தண்ணீர் உள்ளே தங்காமல் சப்பாத்து ஓட்டையால் போய்விடும். இப்போது வயிற்றில் தேங்கி நிற்கிறது. அதில் சொட்டு விழுந்தால், அரைவாசி நிறைந்த பீப்பாயில் விழுவதுபோல் சத்தம் வரும்," என்று சிங்களத்தில் விளக்கினாள்.

கண்டியிலிருந்து வந்தவர்களிடம் சார்ஜன்ட் அதைச் சொன்னார். அவர்கள் சந்தியிலிருந்து எல்லோரையும் தூரமாக அனுப்பினார்கள். பிறகு மணல் மூடைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, நீண்ட மூங்கிலில் இரும்பைக் கட்டிச் சப்பாத்தைக் குத்தினார்கள்.

சிமெந்து விழுந்தது. துரையின் சப்பாத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. பாய்ந்தது, பாய்ந்துகொண்டே இருந்தது.

"பாவம்," என்றார் றவூப். "மனிசன் ஒரு மாசமா அடக்கிட்டு நிண்டிருக்கார்."

சார்ஜன்டும் சிரித்துவிட்டார்.

மாலையில் கடை திறந்தது. தொப்பியின் வெடிப்புக்குத் தார் பூசினார்கள். சப்பாத்தின் ஓட்டையைத் திறந்தே விட்டார்கள். சீனி மூடை மறுபக்கச் சுவரோரம் போனது.