பின்வாசலில் ஒரு பை

பட்டப்பகல் இரண்டு மணிக்கு அவள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைக்கு வந்து சேர்ந்தாள். முன்வாசலில் நீரூற்று இருந்தது. அவளுக்கான வழி அதுவல்ல. சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து, குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போக வேண்டும். அங்கே தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதற்கு வெளியே ஒரு மேசை. மாடி வீடுகளில் சமைத்து, பெருக்கி, துணி துவைத்துவிட்டு வெளியேறும் பெண்களின் பைகளை அந்த மேசையில் கொட்டிச் சோதிக்க வேண்டும். அதுதான் வேலை.

"முன்னாடி இருந்த பொண்ணு மூணே நாள்ல ஓடிட்டா," என்றார் வாட்ச்மேன். "அதுக்கு முன்னாடி இருந்தவ ஒன்றரை நாள். நீ எப்படின்னு பார்ப்போம் தங்கச்சி."

"எதுக்குண்ணே ஓடுனாங்க?"

அவர் அறைக்குள் கை காட்டினார். சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். நடுவில் ஒரு பெண்ணின் படம். மேலே சிவப்பு எழுத்தில்: 'திருடி. வேலைக்குச் சேர்க்காதீர்கள்.'

அவள் அந்தப் படத்தை நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வந்துவிடும். அது அவளுடைய அக்கா.

அக்காவுக்கு ஒன்பதாம் மாடியில், குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி அம்மா வீட்டில் சமையல் வேலை. போன கோடையில் அங்கே ஒரு தங்கச் சங்கிலி காணாமல் போனது. ஒப்புக்கொள்ளும்வரை கிடக்கட்டும் என்று அக்காவை இந்தத் தகர அறைக்குள் தள்ளித் தாழ்போட்டார்கள். வீசிங் உள்ள உடம்பு. மூச்சு மருந்து அவள் பையில். பை வெளியே மேசைமேல், சோதனைக்காக. "பையைக் குடுங்க" என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சிக்கொண்டே இருந்தாளாம். நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோது கெஞ்சுவதற்கு ஆள் இல்லை.

மறுநாளே சங்கிலி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்தது. தாள் மட்டும் சுவரைவிட்டு இறங்கவில்லை.

அந்தத் தாளைச் செக்ரட்டரி அம்மா தன் கையாலேயே கிழிக்க வேண்டும். அதற்காகத்தான் ஏஜென்சிக்காரனிடம் நாயாய் அலைந்து இந்த வேலையை வாங்கியிருந்தாள். அக்கா ஜாடை அப்படியே அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் மாட்டிக்கொள்வோம் என்ற பயமில்லை. வேலைக்காரர்களை முகம் பார்த்துப் பேசும் பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

மூன்றரைக்குப் பெண்கள் வரிசையாக வந்தார்கள்.

"நல்லா தேடுக்கா," என்றாள் ஒருத்தி, பையை விரித்து. "அவங்க வீட்டு ஃப்ரிட்ஜை மடிச்சு உள்ள வெச்சிருக்கேன்."

"நான் சோபாவைத் தூக்கிட்டேன்டி. டிபன் டப்பாவுல இருக்கு."

அவள் எந்தப் பையையும் கொட்டவில்லை. "போங்க, போங்க" என்று சிரித்தபடி அனுப்பினாள். நாலு மணி நெருங்கியதும் சிரிப்பு நின்றது. மிச்சப் பெண்கள் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்கள்.

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "இப்ப மேசைல ஒரு பை வரும். யாரு வெச்சாங்கன்னு கேட்காதே. உள்ள கை விட்டுடாதே. கொஞ்ச நேரத்துல தானா போயிடும்."

மேசையில் ஒன்றுமில்லை.

தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தாள்.

பை இருந்தது.

பச்சைத் துணிப் பை. அறுந்த காதைக் கறுப்பு நூலால் அக்காவுக்குத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். வெயிலில் காய்ந்த தகரத்தின் வாடையோடு வியர்வை வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. பைக்குள்ளிருந்து சன்னமாக ஒரு விசில். இழுத்து, விட்டு, இழுத்து...

மூச்சு.

"அக்கா," என்றாள், உதடு மட்டும் அசைய.

விசில் நின்றது. காது கொடுத்துக் கேட்பதுபோல.

அப்போதுதான் செக்ரட்டரி அம்மா செருப்பு டக்டக்கென்று அடிக்க வந்து நின்றாள். "ஏய், புதுசு! கேமராவுல பார்த்துட்டுத்தான் வர்றேன். ஒரு பையையாவது கொட்டினியா? உனக்கென்ன, அவளுங்களோட கூட்டா?"

"மேடம், அந்தத் தாளை எடுத்துடுங்க. அவங்க திருடலைன்னுதான் தெரிஞ்சுபோச்சே."

"திருடினா என்ன, திருடாட்டி என்ன? அது அங்க தொங்கினாத்தான் மத்தவளுங்களுக்குப் பயம் இருக்கும். இது யார் பை?"

வாட்ச்மேன் வாயைத் திறந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

"தெரியலையே மேடம். நீங்களே பாருங்க. நல்லா அடிவரைக்கும் கை விட்டுப் பாருங்க."

செக்ரட்டரி அம்மா கையை விட்டாள்.

மணிக்கட்டு போனது.

முழங்கை போனது.

ஒரு சாண் ஆழம்கூட இல்லாத பை அது.

"உள்ள... யாரோ என் கையை..."

கைக்கடிகாரத்தின் கண்ணாடி பைக்குள் நொறுங்கும் சத்தம் கேட்டது. பை மேசையிலிருந்து இறங்கி அறைக்குள் ஊர்ந்தது, செக்ரட்டரி அம்மாவையும் தரையோடு இழுத்துக்கொண்டு. கதவு தானே சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள், யாரும் தொடாமல், நிதானமாக நகர்ந்து விழுந்தது.

உள்ளே இப்போது இரண்டு மூச்சுகள் விசிலடித்தன.

வீதிக்குப் போன பெண்கள் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள்.

"திற..." ஜன்னல் கம்பியில் செக்ரட்டரி அம்மாவின் முகம் நீலம் பாரித்து ஒட்டியிருந்தது. "மூச்சு... முடியலை..."

"தாளைக் கிழிங்க மேடம்."

சர்ரென்று கிழியும் சத்தம்.

"இவங்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்க."

"அவ... எடுக்கலை. எங்க வீட்டுலயே... இருந்துச்சு."

அவள் கேட்க வந்தது அவ்வளவுதான். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கொதித்தது. அப்படியும் விடாமல் பிடித்து இழுக்கப் போனாள்.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. இழுப்பே இல்லாத, தெளிவான குரல்.

"நீ வீட்டுக்குப் போடி. நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

அவள் கையை எடுத்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். செக்ரட்டரி அம்மாவுக்கு உயிர் இருந்தது. அவ்வளவுதான். பை இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் வேலைக்குத் தந்த காக்கிச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், முன்வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

கார்கள் கதவு திறந்தபடி நின்றன. நீரூற்றைச் சுற்றி, அலுவலகம் கிளம்பிய குடியிருப்புக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. முதலில் நின்ற ஐந்தாம் மாடி டாக்டர் தன் தோல் பையை விரித்துப் பிடித்திருந்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. எதிரே ஆளில்லை.

பை உள்ளிருந்து புடைத்தது. ஏதோ ஒன்று அதன் மூலை முடுக்கெல்லாம் துழாவியது. பிறகு அடங்கியது.

டாக்டர் தலை குனிந்து வெளியே போனார். அடுத்தவர் தன் பையைத் திறந்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.