முழுசா எடுத்துடுங்க

அவர் விரல்கள் காற்றில் எதையோ பின்னிக்கொண்டிருந்தன.

சாயங்கால மழை ஜன்னல் தகரத்தில் தடதடவென்று கொட்ட, காயாத துணிகளின் புழுங்கிய வாடை வீடெங்கும் சுற்ற, கூடத்தின் அரையிருட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இல்லாத கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்னி, இல்லாத ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டார் அவள் கணவர். அவள் கிட்டே வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"தெரியலம்மா. கை சும்மா இருக்க மாட்டேங்குது." சிரித்தார். கள்ளமில்லாத சிரிப்பு. அதுதான் பயமாக இருந்தது.

மகளுக்குத் தினமும் தலை பின்னிவிட்டவர் இவர்தான். குழந்தை காய்ச்சலில் போன பிறகு மனுஷர் சோற்றில் கை வைக்கவில்லை, கண்ணை மூடவில்லை. காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கருவி வைத்தால் துக்கம் தணியும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். "தூக்கம் வந்தா போதும், வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லித்தான் படுத்தார். அவர் மயக்கத்தில் கிடக்கும்போது டாக்டர் வெளியே வந்தார்.

"வலியை மட்டும் குறைச்சா மறுபடி வரலாம்மா. குழந்தை ஞாபகத்தையே எடுத்துட்டா வராது. அது எப்போ தலைதூக்கினாலும் கருவி துடைச்சிடும். என்ன செய்யலாம்?"

எங்கே இவரும் போய்விடுவாரோ என்ற பயத்தில், பாவி, "முழுசா எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். இரண்டு பேர் அழ வேண்டிய அழுகை அவள் ஒருத்தி தலையில் விழுந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுது பழகியிருந்தாள்.

இன்று அந்த விரல்களைப் பார்த்ததும் தாங்கவில்லை.

"ஏங்க... நமக்கு ஒரு பொண்ணு இருந்தா. வாலுன்னு கூப்பிடுவீங்க. அவளுக்குத்தான் பின்றீங்க."

விரல்கள் நின்றன. அவர் காதுக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரம். வாய் கோணியது.

"வாலு... எங்க? என் பொண்ணு எங்க?"

சொன்னாள்.

ஐயோ, அந்த அலறல்! நாற்காலியோடு சரிந்து அவள் காலைக் கட்டிக்கொண்டார். அவளும் தரையில் விழுந்து அவரோடு வாய்விட்டு அழுதாள். அப்பாடா, சேர்ந்து அழ ஓர் ஆள். அவள் குழந்தையின் அப்பா.

ரீங்காரம் கூடியது. நின்றது.

அவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "ஏன் ஈரமா இருக்கு? நீ ஏம்மா அழற?" அதே சிரிப்பு.

வேண்டாம். பாவம் மனுஷர்.

ஒரே ஒரு தடவை.

"ஏங்க... நமக்கு ஒரு பொண்ணு இருந்தா."

அலறல். அணைப்பு. ரீங்காரம். சிரிப்பு.

இன்னும் ஒரு தடவை.

நன்றாக இருட்டிவிட்டது. விளக்கைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை. தொண்டை கட்டிப்போய், ஏன் கட்டியது என்று தெரியாமல், அவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கண்களைப் பதமாகத் துடைத்துவிட்டாள். தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.