நாற்சக்கர மந்தம்

விடுமுறை நாளில் மருதக்கவிகை என்ற குவிமாடக் குடியிருப்பின் வாசிகள் மூச்சுக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்து வண்டி கழுவுவார்கள். செவ்வாயில் தண்ணீர் குடிப்பதற்கே போதாது. உறைந்த கரியமில வாயுத் தூளைப் பீய்ச்சியடித்துத்தான் கழுவுவது. திருமேனி தன் புது பிக்கப்புக்கு அப்படிப் பீய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான் கவசத்துக்குள் கொழுந்தியாள் மரகதத்தின் குரல் கேட்டது.

"அத்தான், எங்க காற்றுப்பாசி மொத்தமும் செத்துப்போச்சு. உருளையில அடைச்சு வச்ச காத்துலதான் இருக்கோம். சாயங்காலம் வரைக்கும் தாங்கினா பெரிசு."

கவிகைக்குள் இருப்பவர்கள் விட்ட மூச்சைத் தின்று புது மூச்சாக்கித் தரும் பச்சைக் குழம்புதான் காற்றுப்பாசி. மரகதமும் அவள் கணவன் நாயகமும் குடியிருந்த குறிஞ்சிக்கவிகை மணல்மேடுகளுக்கு அப்பால் இருந்தது. புழுதிக் காலமாதலால் பறவூர்திகள் கிளம்பாது. திருமேனியும் மனைவி அபரஞ்சியும் தங்கள் கவிகையின் பாசித்தொட்டிகள் சிலவற்றைப் பின்தட்டில் ஏற்றி, சூட்டுப்போர்வையைச் சுற்றிப் புறப்பட்டார்கள்.

அபரஞ்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொட்டி சில்லிட்டால் பாசி செத்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

"பதறாதே. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இது."

இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. சாதாரணச் சாலைக்குப் பின்சக்கரங்கள் மட்டும் போதும். சரளைக்கு 'நாற்சக்கர வேகம்'. ஆழ்மணலுக்கும் செங்குத்து ஏற்றத்துக்கும் 'நாற்சக்கர மந்தம்': வேகம் குறையும், நான்கு சக்கரங்களும் முழு பலத்தோடு தரையைப் பற்றும். வண்டி வாங்கிய நாளிலிருந்து கவிகையைச் சுற்றிய வழவழப்பான வளையச்சாலையில் திருமேனி இதைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு திருகலுக்கும் 'கடக்' என்று கனமாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு சுற்று போவார்.

சரளையில் 'வேகம்' போட்டார். மணல்மேடு வந்ததும் வண்டியை நிறுத்தி 'மந்த'த்துக்குத் திருப்பினார். கடக். "நாற்சக்கர மந்தம் இயங்குகிறது" என்று வண்டி இனிமையாகச் சொன்னது. பாதி ஏற்றத்தில் பின்சக்கரங்கள் மணலைத் தோண்டி அச்சுவரை இறங்கின.

அபரஞ்சி கவசத்தை மாட்டிக்கொண்டு கீழே குதித்தாள். "என்னங்க, முன்சக்கரம் சுத்தவே இல்ல!"

"மந்தத்துல மெதுவாத்தான் சுத்தும்."

"மெதுவாவும் சுத்தல. இறங்கி வந்து பாருங்க."

அவர் பார்த்தார். பின்சக்கரங்கள் புழுதியை வாரியடித்தன. முன்சக்கரங்கள் அசையாமல் நின்றன. வண்டிக் கம்பெனியின் உதவிக்குரலை அழைத்தார்.

"வணக்கம்," என்றது உதவிக்குரல். "எங்கள் வாடிக்கையாளர்களில் அநேகமாக ஒருவரும் மணலில் இறங்குவதில்லை என்று ஆய்வில் தெரிந்தது. ஆகவே இந்த மாடலில் முன்சக்கர மோட்டார்களை எடுத்துவிட்டுக் குளிர்பெட்டி வைத்திருக்கிறோம்."

"அப்போ அந்தச் சத்தம்?"

"ஒலிபெருக்கியில் வருவது. அதைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். கூட்டி வைக்கட்டுமா?"

திருமேனி அந்தக் குரலின் குலத்தையே திட்டித் தீர்த்தார். அபரஞ்சி அவரைத் திட்டினாள். "கம்பெனிக்காரன் படம் காட்டினான், மயங்கி வாங்கினீங்க! அங்க என் தங்கச்சி மூச்சுக்குத் திண்டாடுறா!" திட்டிக்கொண்டே பின்கதவைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

"பெயின்ட் போயிடும்..." என்று வாய்திறந்தவர் அவள் பார்த்த பார்வையில் தானே ஒரு பக்கப்பலகையைக் கழற்றப் போனார்.

பின்கதவை ஒரு சக்கரத்துக்கும் பக்கப்பலகையை மற்றதற்கும் அடியில் செருகினார்கள். வண்டியைத் தானாக ஊரச் சொல்லிவிட்டு இருவரும் பின்னாலிருந்து தோள்கொடுத்துத் தள்ளினார்கள். செவ்வாயில் எடை பூமியில் இருப்பதில் பாதி கூட இல்லை என்றாலும் வண்டி வண்டிதான். நான்கடி ஏறும், பலகையை இழுத்து மறுபடி செருக வேண்டும். கையுறைக்குள் உள்ளங்கை உரிந்தது. சூரியன் சாயச் சாய அபரஞ்சி போர்வைக்குள் கைவிட்டுத் தொட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு இன்னும் இருந்தது. உச்சிக்குப் போனதும் இருவரும் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு பின்கதவையும் பக்கப்பலகையையும் மாட்டி, இறக்கத்தில் வண்டியை விட்டார்கள்.

குறிஞ்சிக்கவிகையில் ஆட்கள் ஓடிவந்து தொட்டிகளை இறக்கினார்கள். குழாய்களில் பச்சை ஏறியது. குழந்தைகளின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. மரகதம் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நாயகம் சகலையின் தோளைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அந்த மேட்டையா ஏறி வந்தீங்க? அண்ணன் பகட்டுக்குத்தான் இந்த வண்டியை வாங்கியிருக்காருன்னு இவகிட்ட நானே சொல்லியிருக்கேன். மன்னிச்சிருங்க." பிறகு வண்டியைச் சுற்றி வந்தான். "எங்க கவிகைக்கும் அவசரத்துக்கு ஒரு வண்டி வேணும். சுரங்கத்துல ஓடுன சங்கிலி வண்டி ஒண்ணு விலைக்கு வருது, எந்த மணல்லயும் ஏறும், ஆனா பார்க்கச் சகிக்காது. இது எப்படிண்ணே? உண்மையைச் சொல்லுங்க."

உண்மை திருமேனியின் நாக்கு நுனி வரை வந்தது. சகலையின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றது. பயத்தோடு மனைவியைப் பார்த்தார். இதோ போட்டு உடைக்கப்போகிறாள்.

அபரஞ்சி தங்கையைப் பார்த்தாள். தங்கையின் புருஷனைப் பார்த்தாள். தலைமுடியிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"பகட்டா? நல்லா சொன்னீங்க போங்க!" என்றாள். "மந்தத்துல போட்டோம் பாருங்க, ஏறினதே தெரியல."

நாயகம் அங்கேயே நின்று கவிகைக் குழுவை அழைத்தான். "சங்கிலி வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க. ஓட்டினவங்களே சொல்லியாச்சு, இதையே ரெண்டா எடுத்துருவோம்."

திருமேனி தொண்டையைச் செருமினார்.

"கறுப்பு மட்டும் எடுக்காதீங்க, தம்பி," என்றார். "புழுதி தெரியும்."