காற்றுக்கு விட்ட சந்து

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கட்டிலில் அப்பா, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல். குளிர்காயும் கணப்புக்கு முன்னால் மண்டியிட்டிருந்த கொத்தனார். அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு பாப்பா. வயது நாற்பத்தாறு, தலை பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். அம்மா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

புகைபோக்கிக்குள் முழங்கை வரை கையை விட்ட கொத்தனார் சட்டென்று வெளியே எடுத்தார்.

“இதுல நெருப்பு வெச்சு எத்தனை வருஷம்னு சொன்னீங்க?”

“நான் ஸ்கூல் படிக்கிறப்போ வெச்சது.”

“உள்ளே வெதுவெதுன்னு இருக்கேம்மா.” கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். “வெயில் பட்டிருக்கும்.”

வெளியே மூன்று நாளாக மழை.

அந்த வழியாகத்தான் குளிர் இறங்கியது. இன்னொரு முறை நெஞ்சில் சளி கட்டினால் அப்பா தாங்கமாட்டார் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். அம்மா இதே அறையில் மூச்சுத் திணறிச் செத்தபோது பாப்பா பக்கத்தில் இல்லை. அப்பாவையும் அப்படிப் பறிகொடுக்க அவளால் முடியாது.

செங்கல் வைத்துப் பூசினால் செலவு, பழைய கம்பளித் துணியைச் சாக்கில் திணித்து மேலே செருகினால் போதும் என்றார் கொத்தனார். “ஆனா ஓரத்துல ரெண்டு விரல் சந்து விட்டுடுங்க. காத்து போய் வரணும். முழுசா அடைச்சீங்கன்னா ஈரம் உள்ளேயே உக்காந்து சுவரைத் தின்னுடும்.”

வீட்டில் கம்பளி என்று இருந்தவை அம்மாவின் ஸ்வெட்டர்கள்தான். பாச்சை உருண்டையும் தைலமும் கலந்து மணத்த அவற்றைப் பாப்பா ஒவ்வொன்றாகப் பொத்தான்களைக் கழற்றி, கைகளை உள்ளே மடக்கி, சாக்கில் அடுக்கினாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அம்பது வருஷம் அவ என் வாயை அடைச்சா. இப்ப நீ அவ வாயை அடைக்கிற. நல்ல குடும்பம்.”

“இது புகைபோக்கிப்பா.”

“தெரியும் போ.”

இரண்டு நாளில் அறை கதகதப்பானது. அப்பாவின் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம், மழை விட்டு ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஈரக் கரியும் பழைய தைலமும் சேர்ந்த வாடை கூடத்துக்கே வந்தது. அதன் பின்னால், அந்த இரண்டு விரல் சந்து வழியாக, நீளமாக இழுத்து, நடுவில் நின்று, கடைசியில் மெல்லிய விசிலாக முடியும் ஒரு சத்தம். அம்மாவின் கடைசி வாரத்து மூச்சு. அச்சு அசல்.

பாப்பா அறைக்குள் ஓடியபோது அப்பா அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “இருக்கேன். இங்கதான் இருக்கேன்.”

“காத்துப்பா அது.”

“காத்து இருமுமா?”

பாப்பாவால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. ஈரத் துண்டை முறுக்கி, கரண்டிக் காம்பால் சந்துக்குள் குத்திக் குத்தித் திணித்தாள். சத்தம் சின்னதாகி, நின்றது. பெற்ற தாயின் முகத்தில் தலையணையை அழுத்தியவள் போலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பிறகுதான் கேட்டது. நீளமாக இழுத்து. நடுவில் நின்று. கடைசியில் விசில்.

கட்டிலிலிருந்து.

அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

பாய்ந்துபோய்த் துண்டை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். துண்டு ஒரு முழம் உள்ளே போனது.

உள்ளே இருந்து யாரோ இழுத்தார்கள்.

“விடும்மா,” என்றாள் பாப்பா. தன் வாயிலிருந்து அப்படி வரும் என்று அவள் நினைக்கவில்லை.

விட்டது. துண்டோடு சாக்கும் கரியும் மொத்தமாக விழுந்தன. சாக்கு வாய் பிளந்து ஸ்வெட்டர்கள் தரையில் பரவின. எல்லாம் நனைந்திருந்தன. எல்லாம் உடம்புச் சூட்டோடு இருந்தன. ஒவ்வொன்றிலும் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தது.

அப்பாவுக்கு மூச்சு திரும்பியது. அவர் பாப்பாவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே பார்த்தார். அம்மா போனபின் முதல் முறையாகச் சிரித்தார்.

“தண்ணி கொண்டா பாப்பா. ரெண்டு டம்ளர்.”

அவள் தண்ணீருக்குப் போகவில்லை. டாக்டரைக் கூப்பிட, கூடத்திலிருந்த போனுக்கு ஓடினாள். நிலைப்படியைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தட்டினாள். காதை வைத்தாள். உள்ளே இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவர் இழுக்க ஒருவர் விட. பிறகு ஒரு மூச்சுதான் கேட்டது. கதவோடு ஒட்டி, அவள் காதுக்கு நேராக.

“அவருக்கு நான் இருக்கேன். நீ போய்த் தூங்கு கண்ணு.”

உள்ளே, மேல் தாழ்ப்பாள் விழுந்தது.